நாற்காலிக்கு என்ன கெடு?

எங்கள் அலுவலகத்தில் கட்சிக்காரர்கள் உட்காருவதற்கென்று ஒரு நீளப் பெஞ்சு உண்டு. ஒரு வாய்க்கால் வழக்குக்காக வரும் அக்கா அதில் தன் துணிப்பையை மட்டும் உட்கார வைப்பார். தான் உட்கார மாட்டார். நிற்பதும் சும்மா நிற்பதில்லை. வாசலுக்கு ஒரு நடை, சுவரில் தொங்கும் காலண்டருக்கு ஒரு நடை, திரும்ப என் மேஜைக்கு ஒரு நடை. நான் மன்னார்குடியில் ஜூனியர் வக்கீலாகச் சேர்ந்த புதிது. ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை "உட்காருங்கக்கா" என்று சொல்லிப் பார்த்தேன். "நான் உக்கார வரல வக்கீலம்மா. நீங்க சொல்லுங்க" என்பார். அப்புறம் விட்டுவிட்டேன். உட்கார வேண்டியதையெல்லாம் கூட வரும் அவர் வீட்டுக்காரர் சேர்த்து உட்கார்ந்து தீர்த்துவிடுவார். அந்த மனிதர் பெஞ்சில் சாய்ந்தால் பத்து நிமிடத்தில் தலை தொங்கிவிடும்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். நல்ல உயரம், உயரத்துக்கு ஏற்ற குரல். கோர்ட்டுக்கு என்று தனியாக ஒரு நீலப் புடவை வைத்திருந்தார். புடவை மாற்றப் பொறுமை இருக்கும். காலைத் தேய்த்துக் கழுவப் பொறுமை இருக்காது. குதிகாலில் வயல்சேறு காய்ந்து வெளுத்திருக்கும்.

யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான். "எப்பங்க? கெடு சொல்லுங்க." கம்பத்தில் ஒயர் தொங்குகிறது என்று மின்வாரியத்துக்குப் போனவரிடம் "பாக்கலாம்மா" என்றாராம் ஓர் ஊழியர். "பாக்கறது எப்ப? திங்களா செவ்வாயா?" என்று கேட்டு, செவ்வாய் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் வந்தார். மகளைப் பெண் பார்த்துவிட்டுக் கிளம்பியவர்கள் "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று சம்பிரதாயமாகச் சொன்னதற்கு, "வியாழக்கெழமக்குள்ள சொல்லிடுங்க. இல்லன்னா நாங்க வேற எடம் பாப்போம்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் வெலவெலத்துப் போனாராம். ஆனால் அவர்கள் புதன்கிழமையே சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். இந்தக் கதையை அக்காவே என்னிடம் நாலைந்து தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதும் நடந்துகொண்டேதான் சொல்வார்.

கெடு சொல்லாத ஆளை அவர் ஆளாகவே மதிக்கமாட்டார். அதே சமயம், ஒருவர் நாள் குறித்துச் சொல்லிவிட்டால் அப்படியே நம்பிவிடுவார். அதற்குப் பிறகு மறுகேள்வி கிடையாது. இந்த இரண்டாவது குணம்தான் அபாயமானது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

வழக்கு ஒரு வாய்க்காலைப் பற்றியது. அக்காவுக்கு முக்கால் ஏக்கர் வயல். அதற்கு மேற்கே, சற்று உயரத்தில் இன்னொருவர் வயல். ஊரில் அவரை மேல வயல்காரர் என்பார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். அக்காவின் அப்பா ஒரு காலத்தில் அந்த மேல வயலில் கூலிக்கு இறங்கியவர். பிற்பாடு பாடுபட்டு இந்த முக்கால் ஏக்கரை வாங்கினார். மேல வயலின் நடுவே ஓடிய ஒரு சிறு வாய்க்கால்தான் இந்த வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. ஒரு கோடையில் மேல வயல்காரர் அந்த வாய்க்காலைத் தூர்த்து உழுதுவிட்டார். மன்னார்குடி முன்சீப் கோர்ட்டில் அக்கா ஜெயித்தார். மேல்கோர்ட்டில், புல வரைபடத்தில் அப்படி ஒரு வாய்க்காலே காட்டப்படவில்லை என்று சொல்லித் தீர்ப்பைத் திருப்பிவிட்டார்கள். அதன்மேல் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு. நான் சேர்ந்தபோது அது அங்கே நிலுவையில் கிடந்தது.

இந்த மனுஷிக்கு ஏன் இப்படிக் காலில் சக்கரம் என்று எனக்கு ஒருநாள்தான் புரிந்தது. போட்டோ எடுப்பதற்காக வயலுக்குப் போயிருந்தேன். வரப்பில் அவர் நடந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் இரண்டு தரம் சறுக்கினேன், ஒரு செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இங்க பாருங்க. வாய்க்கா இல்லாததுனால அவரு வயல் வழியா வழிஞ்சுதான் எனக்குத் தண்ணி வரணும். ஆத்துல மொறை வெச்சு விடுறாங்க. மொறை வர்ற அன்னைக்கு அவரு வயல் ரொம்பணும், பெறகு மடைய தொறக்கணும், பெறகுதான் என் வயல். அதுக்குள்ள அவரு யூரியா போட்டுட்டாருன்னா மடைய அடைச்சுருவாரு. தொறந்தா உரம் எனக்கு வந்துருமே. அது அவரு மேல தப்பு இல்ல. நானா இருந்தாலும் அடைப்பேன். ஆக எனக்கு மூணு நாளு, மிஞ்சினா நாலு நாளு. அதுல தண்ணி வைக்கலன்னா நாத்து முத்திப்போவும்."

மூன்று நாள், நான்கு நாள் என்றே வாழ்கிறவரிடம் நாங்கள் வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அது எனக்கு உறைத்தது. உறைத்து என்ன பிரயோஜனம்.

ஒருமுறை அவரை உயர் நீதிமன்றத்துக்கு அழைத்துப் போனேன். வழக்கு எப்போது பட்டியலுக்கு வரும் என்று அலுவலகப் பிரிவில் விசாரித்தோம். அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான். "வரும்மா. ஜட்ஜ் போஸ்டே நெறைய காலியா கெடக்கு. இருக்கறவங்க புதுக் கேசப் பாப்பாங்களா, பழசப் பாப்பாங்களா?" என்றார். அக்கா என்னை விட்டுவிட்டு நீளமான தாழ்வாரத்தில் விறுவிறுவென்று போனார். பூட்டிய ஒரு கோர்ட் ஹாலின் கண்ணாடியில் இரண்டு கைகளையும் குவித்து வைத்து உள்ளே பார்த்தார்.

"வக்கீலம்மா, இங்க வாங்க. எல்லாம் இருக்கு. மேசை இருக்கு, ஃபேன் இருக்கு, ஒசந்த நாற்காலி இருக்கு. ஆளத்தான் காணும்."

"போடுவாங்கக்கா."

"யாரு போடணும்?"

அதற்கு நான் சொன்ன பதில் பஸ்ஸில் தஞ்சாவூர் வரும்வரை நீண்டது. உச்ச நீதிமன்றத்து மூத்த நீதிபதிகள் சிலர் கூடிப் பெயர்களைத் தேர்ந்தெடுப்பார்கள், அது அரசாங்கத்துக்குப் போகும், அரசாங்கம் விசாரிக்கும், திருப்பி அனுப்பினாலும் அனுப்பும் என்றெல்லாம் சொன்னேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு வந்தார். எல்லாம் முடிந்ததும் அவர் கேட்டது, "இதுல யாருக்கும் கெடு கெடையாதா?"

இது நடந்து கொஞ்ச காலத்தில்தான் அரசியல் சாசனத் திருத்தம் வந்தது. நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நீதிபதிகளிடமிருந்து எடுத்து ஓர் ஆணையத்திடம் கொடுப்பது. அதில் நீதிபதிகளும் இருப்பார்கள், மந்திரியும் இருப்பார், வெளியிலிருந்து இருவர் இருப்பார்கள். பாராளுமன்றத்தின் இரண்டு சபைகளும் நிறைவேற்றிவிட்டன. மாநிலச் சட்டசபைகள் வரிசையாக ஒப்புதல் கொடுத்தன. கோர்ட் வாசல் டீக்கடையில் பேச்சு முழுக்க அதுதான். மந்திரி கைக்குப் போனால் நீதித்துறையின் சுதந்திரம் போச்சு என்று ஒரு கட்சி. நீதிபதியே நீதிபதியைப் போட்டுக்கொள்வது எந்த ஊர் நியாயம் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சியில் இருந்தேன். இளரத்தம். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று மனதார நம்பினேன்.

அக்கா பேப்பரில் வந்ததைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்தார். அவர் பத்தாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டாமல் வாசிப்பார்.

"இதுல கெடு எங்க இருக்கு, காட்டுங்க."

நான் உற்சாகமாகச் சட்டத்தை எடுத்துவைத்துக் காட்டினேன். ஒரு நீதிபதி ஓய்வுபெற இருக்கிறார் என்றால், ஆறு மாதம் முன்னாலேயே அந்த இடம் காலியாகப் போவதை அரசாங்கம் ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். "பாத்தீங்களா? ஆறு மாசம். சட்டத்துலயே இருக்கு."

அவர் அந்த வரியில் விரலை வைத்தபடி இரண்டு தடவை வாசித்தார்.

"இது தெரிவிக்கறதுக்குக் கெடு. ஆளப் போடுறதுக்கு?"

"தெரிவிச்சுட்டா போட்டுத்தானே ஆகணும்?"

"ஆத்துல தண்ணி வருதுன்னு தண்டோரா போட்டுட்டா என் வயலுக்குத் தண்ணி வந்துருமா வக்கீலம்மா?"

எனக்குச் சுருக்கென்றது. பி.எல். படித்தவள் நான். எனக்குக் கண்ணில் படாத ஓட்டையை அவர் ஒரு விரலால் தடவிக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதை ஒத்துக்கொள்ளும் பக்குவம் அன்றைக்கு இல்லை. "நீங்க எல்லாத்தையும் வாய்க்கால் வரப்போட சேர்த்துப் பாக்காதீங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கத்தரித்த துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

தை மாதம் அறுவடை முடிந்தது. வயல் காய்ந்து கிடக்கும் நேரம்தான் வாய்க்கால் வெட்டத் தோதான காலம். அப்போது மேல வயல்காரரே ஒருநாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். எழுபதைத் தாண்டியவர், தடியூன்றி வந்தார். மகன் ஒருவன் சிங்கப்பூரில், ஒருவன் பெங்களூரில். தனியாக வழக்காடி அலுத்துப்போயிருந்தார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பெஞ்சில் அவர் ஒரு முனையில் உட்கார்ந்தார். மறுமுனையில் அக்காவின் வீட்டுக்காரர் எழுந்திருக்கலாமா என்று யோசித்து, உட்கார்ந்தே இருந்தார்.

"நடுவுல வாய்க்கா வேண்டாம். எனக்கு உழவு கெட்டுப்போவுது. வடக்கு வரப்போரமா ரெண்டடி அகலம் விடுறேன். வெட்டிக்கட்டும். ஆனா பழைய வாய்க்கான்னு ஒண்ணு என் வயல்ல இருந்ததே இல்லன்னு எழுதிக் குடுக்கணும். கேச வாபஸ் வாங்கிக்கணும்."

அவர் போன பிறகு அக்கா காலண்டருக்கு ஒரு நடை போய்வந்தார். "எழுதிக் குடுத்துடலாம் வக்கீலம்மா. இந்தக் குறுவைக்குத் தண்ணி பாஞ்சுரும்."

சீனியர் கண் அறுவைக்காகத் திருச்சி போயிருந்தார். அவர் இருந்திருந்தால் அன்றைக்கே சமாதானப் பத்திரம் டைப் ஆகியிருக்கும். இருந்தது நான்தான். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. இவர் அப்பா தன் கையால் தூர்வாரிய வாய்க்காலை, இருந்ததே இல்லை என்று இவர் கையாலேயே எழுதிக் கொடுப்பதா?

"எழுதிட்டுப் போகுது. எழுதுனதுனால இருந்தது இல்லாமப் போயிருமா? எங்கப்பாவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்" என்றார் அக்கா.

"அவசரப்படாதீங்கக்கா. சட்டம் நம்ம பக்கம் இருக்கு. ஆணையம் வந்துட்டா காலியிடம் எல்லாம் நிரம்பிடும். நம்ம கேஸ் வந்துடும். நடு வாய்க்கால் அப்படியே உரிமையாக் கிடைக்கும்."

இதைச் சொல்லும்போது அவருடைய மானத்துக்காகப் பேசுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். கொஞ்சம் என் ஆசையும் அதில் இருந்தது. அந்த மேல்முறையீட்டுக்கு வாதக் குறிப்பு எழுதிக் கொடுத்தது நான். சட்ட இதழில் அந்தத் தீர்ப்பு அச்சாகி, அதில் என் பெயரும் ஓர் ஓரத்தில் வரும் என்று கனவு. சமாதானமாகப் போன வழக்கு எந்த இதழிலும் வராது.

அவர் நடையை நிறுத்திவிட்டு என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார்.

"எத்தன நாளு?"

அதுவரை நான் அவருக்கு நாள் குறித்துச் சொன்னதே இல்லை. "பார்ப்போம், வரும், கேட்போம்" என்றே காலம் தள்ளியிருந்தேன். அன்றைக்கு என் வாய் துணிந்துவிட்டது.

"ஆறு மாசம்."

"ஆடி முடியறதுக்குள்ள?"

"ஆடி முடியறதுக்குள்ள."

"சரி" என்றார். வீட்டுக்காரரைத் தட்டி எழுப்பினார். இரண்டு பேரும் போய்விட்டார்கள். அவ்வளவுதான். கெடு கிடைத்துவிட்டதால் அவர் அதன் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. சித்திரை வரை அலுவலகத்துக்கே வரவில்லை. நான் அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன்.

சித்திரையில் திருத்தம் அமலுக்கு வந்தது. வந்த கையோடு அது செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தில் போட்டிருந்த வழக்குகளின் விசாரணையும் சூடுபிடித்தது. பழைய முறையில் பெயர் கொடுக்க முடியாது, புதிய ஆணையமும் கூடவில்லை. புது நியமனங்கள் ஏறக்குறைய நின்றே போயின. இருந்த காலியிடங்களோடு புதிய காலியிடங்கள் சேர்ந்தன. ஒவ்வொரு நாளும் பேப்பரைப் பிரித்ததும் அந்தச் செய்தியைத்தான் முதலில் தேடினேன்.

வைகாசியில் மேல வயல்காரர் இறந்துபோனார்.

வழக்கில் ஒரு தரப்பு இறந்தால், தொண்ணூறு நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனு போட வேண்டும். தவறினால் வழக்கு தானாகவே அற்றுப்போகும். போன் பண்ணி இதைச் சொன்னேன். மறுநாள் முதல் பஸ்ஸில் அக்கா வந்து நின்றார். கையில் ஒரு நோட்டுத் தாள். வாரிசுகள் பெயர், வயது, சிங்கப்பூர் விலாசம், பெங்களூர் விலாசம்.

"எங்க வாங்குனீங்க?"

"துக்கத்துக்குப் போயிருந்தேன். பெரியவன்ட்ட கேட்டு எழுதிக்கிட்டு வந்தேன்."

"துக்க வீட்டுலயா கேட்டீங்க?"

"தொண்ணூறு நாள்னு நீங்கதானே சொன்னீங்க. அழுவுறவங்களுக்குக் கெடு கெடையாது. எனக்கு இருக்குல்ல?"

எனக்கு அவர்மேல் அருவருப்பு மாதிரி ஒன்று வந்தது, மறைப்பானேன். பிணம் எடுத்து மூன்று நாள் ஆகவில்லை. அவர் கண்கள் சிவந்து இடுங்கியிருந்தன. முதல் பஸ்ஸைப் பிடிக்கத் தூங்காமல் வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை. அலுவலகக் கதவைத் திறக்கும்போதே அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தனியாக. பையைப் பெஞ்சில் வைக்கவில்லை, தோளிலேயே வைத்திருந்தார்.

"ஆடி முடியுது வக்கீலம்மா."

குறுவை அவருக்கு அந்த வருஷம் இல்லை. மேல வயலைக் குத்தகைக்கு எடுத்தவன் மடையையே திறக்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நான் செய்தது கோழைத்தனம். "இன்னைக்கு மதியம் வக்கீல் சங்கத்துல கூட்டம் இருக்குக்கா. மதுரையிலேருந்து ஒரு பெரிய வக்கீல் வர்றார். இந்தத் திருத்தத்தைப் பத்தித்தான் பேசுறார். அவரையே கேளுங்க" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். வரமாட்டார் என்று நினைத்தேன்.

வந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாக இருந்தும் பின்சுவரோரம் நின்றார். பேச்சாளர் ஒரு மணி நேரம் பேசினார். அடிப்படைக் கட்டமைப்பு, அதிகாரப் பிரிவினை, நீதித்துறைச் சுதந்திரம். நன்றாகவே பேசினார். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஐயா, நான் வக்கீல் இல்லைங்க. கேசுக்காரி. கேக்கலாங்களா?"

"தாராளமாக் கேளுங்கம்மா."

"கேசுல ஒருத்தரு செத்துப்போனா, அவரு எடத்துல வாரிசச் சேக்க எங்களுக்குத் தொண்ணூறு நாள் கெடு. தவறினா கேசே போயிரும்னாங்க. நான் அறுவது நாளுக்குள்ள சேத்துட்டேன். ஜட்ஜய்யா ரிட்டயராயிட்டா அந்த நாற்காலிக்கு என்ன கெடுங்க? தவறினா யாரு கேசு போவும்?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு பேச்சாளர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு அடங்கினார்கள்.

"நல்ல கேள்விம்மா. அது வந்து, நியமனம்ங்கறது பல அமைப்புகள் சேர்ந்து செய்ய வேண்டிய..."

"பழைய மொறையில கெடு உண்டுங்களா?"

"இல்லம்மா."

"புதுசுல?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "போட்டே முடிக்கணும்னு நாள் எதுவும் இல்லம்மா."

"அதான் கேட்டேன். வர்றேங்க" என்று கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டார். நான் எழுந்து பின்னால் ஓடியிருக்க வேண்டும். சங்கத்துக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று உட்கார்ந்தே இருந்தேன். அவர் என் கட்சிக்காரர் என்று பக்கத்தில் இருந்தவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஐப்பசியில் திருத்தம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். பழைய முறையே திரும்பிவிட்டது. அடைமழை நாளில் அக்கா குடையை மடக்கியபடி வந்தார்.

"யாரு ஜெயிச்சாங்க?"

"ஆணையம் கிடையாதுக்கா. இனிமே பழையபடி நீதிபதிகளேதான்."

"ரெண்டு பேரும் வழக்காடிட்டிருந்த நாள்ல புதுசா ஆளு போட்டாங்களா?"

"பெருசா இல்ல."

அவர் தலையாட்டிக்கொண்டார். "மடை யாருதுன்னு சண்ட. ஊர்ல பாக்காததா" என்றார். குரலில் கோபம் இல்லை. தெரிந்த சமாச்சாரத்தைத் தொலைவிலிருந்தும் கேட்ட மாதிரி இருந்தது. எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை.

வடக்கு வரப்போரத்து இரண்டடியைப் பற்றி அக்கா மேல வயல்காரரின் மகன்களிடம் பேசிப் பார்த்தார். அப்பா சொன்னது எங்களுக்குத் தெரியாது, பாகப்பிரிவினை முடியட்டும் என்றார்கள். பாகப்பிரிவினை முடிந்தது, மேல வயல் விற்றும் போனது. வாங்கியவர் லாரி லாரியாகச் செம்மண் அடித்து உயர்த்தி, மனைக்கட்டுக்குக் கல் நட்டார். அக்காவின் வயலுக்கு ஆற்றுத் தண்ணீர் வரும் பேச்சே அதோடு முடிந்தது. மழையை நம்பி ஒரு போகம் சம்பா, பிறகு உளுந்து.

நான் தஞ்சாவூருக்கு வந்து தனியாக அலுவலகம் போட்டேன். மேல்முறையீடு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. காலையில் டீ குடிப்பதற்கு முன் போனில் உயர் நீதிமன்றப் பட்டியலைத் திறந்து அந்த எண்ணைத் தேடுவது வழக்கமாகிவிட்டது. ஒரு மாசி மாதம் அப்படித் தேடிக்கொண்டிருந்தபோது, இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியது. டீயை அப்படியே வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

அவர் உளுந்து வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் "லிஸ்ட்ல வந்துருச்சா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், "அன்னைக்கு ஆறு மாசம்னு நான் சொல்லியிருக்கக் கூடாதுக்கா. எனக்குத் தெரியாமயே சொல்லிட்டேன். சமாதானமாப் போயிருந்தா உங்களுக்குத் தண்ணி வந்திருக்கும். என்னாலதான்" என்று கொட்டிவிட்டேன். அழுகை வந்துவிட்டது. வயலில் நின்று வக்கீல் அழுவது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். கையிலிருந்த களையை உதறிப் போட்டார்.

"நான் பொறுத்தது பெருசில்ல வக்கீலம்மா. என் கேசு, நான் பொறுத்தேன். அன்னைக்கு ஒங்கள்ட்ட பேசிட்டு நேரா மேல வயல்காரரு வீட்டுக்குத்தான் போனேன். எங்க வக்கீலம்மா ஆடி வரைக்கும் கெடு குடுத்துருக்காங்க, அதுக்குள்ள கேசு முடியலன்னா நீங்க சொல்றபடி எழுதிக் குடுத்துடுறேன்னு சொன்னேன். அவரு ஒரு வார்த்த கூட கேக்கல. சரி, ஆடி வரைக்கும்தானேன்னாரு."

செம்மண் மேட்டின் வடக்கு ஓரத்தைக் காட்டினார். அங்கே இப்போது ஒரு மனையின் எல்லைக்கல் வெள்ளையடித்து நின்றது.

"சித்திரை மழைக்குக் கோடை உழவு ஓட்டுனப்ப, அவரே டிராக்டருக்குக் குறுக்க தடிய ஊனிக்கிட்டு நின்னு, அந்த ரெண்டடிய விட்டுட்டு உழச் சொன்னாரு. நான் இந்த வரப்புல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். சாவுற வரைக்கும் அது உழாம கெடந்துச்சு. எதிராளி அவரு. அவரும் ஒங்க வார்த்தைய நம்பிட்டாரு."

மன்னார்குடி பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டது என்று அவர்தான் நினைவுபடுத்தினார்.